முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையில் குடும்பத்துக்கு வாடகை வீடு தேடுவதைப் பற்றியவை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் குடும்பத்தை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் ஒவ்வொரு கடிதத்திலும் தெரிந்தது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, நம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த இந்தக் கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குச் சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் எட்டாம் வகுப்புக்கும் இளையவள் நான்காம் வகுப்புக்கும் போகிறார்கள். முழங்கால் வலியுள்ள மாமியாரும் எங்களுடன் வருகிறார். சொந்த வீட்டில், கிணற்றுத் தண்ணீரில் வாழ்ந்து பழகிய எங்களுக்கு வாடகை வீட்டு அனுபவமே கிடையாது. மாதம் இருபதாயிரம் ரூபாய் வரை கொடுக்க முடியும். எப்படித் தேடுவது, எதையெல்லாம் பார்ப்பது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். குடும்பம் முழுவதும் ஒரே நாளில் கிளம்ப வேண்டாம். கணவர் முதலில் சென்று வேலையில் சேரட்டும். சில வாரங்கள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, அந்தப் பக்கத்துச் சாலைகளையும், காலையிலும் மாலையிலும் பயணத்துக்கு ஆகும் நேரத்தையும் தெரிந்துகொள்ளட்டும். அவர் பார்த்து வைக்கும் வீடுகளில் தேறியவற்றை, முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்களும் நேரில் சென்று பார்த்தே ஆக வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்கிவிடலாம். அந்த அலைச்சலுக்கும் செலவுக்கும் தயங்காதீர்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் நீங்களும் உங்கள் மாமியாரும்தான். அடுக்களையில் புகை வெளியேற வழி இருக்கிறதா, துணி காயப்போட இடம் இருக்கிறதா, பக்கத்துக் கட்டடம் சன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்பதெல்லாம் கைபேசியில் அனுப்பப்படும் படங்களில் தெரிவதில்லை.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதைப் பள்ளியை வைத்துத் தீர்மானியுங்கள். மூத்த மகள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும் வரை மூன்று கல்வியாண்டுகள் இருக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளில் அவளை இன்னொரு முறை பள்ளி மாற வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே முதலில் இரு குழந்தைகளுக்கும் பள்ளியில் இடம் உறுதியாகட்டும். அது உறுதியாகும் வரை இங்குள்ள பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டாம். அதன் பிறகு, பிள்ளைகள் நடந்தோ பள்ளி வண்டியில் சிறிது நேரத்திலோ போய்வரக்கூடிய தொலைவுக்குள் வீடு தேடுங்கள். பெரியவர் ஒருவர் பேருந்தில் முக்கால் மணி நேரம் அதிகமாகப் பயணம் செய்யலாம். நான்காம் வகுப்புக் குழந்தையை அப்படி அலைக்கழிக்க முடியாது.

சோழிங்கநல்லூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று மக்கள் இன்றும் அழைக்கும் ராஜீவ் காந்தி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் உள்ள காரப்பாக்கம், செம்மஞ்சேரி, நாவலூர் ஆகிய இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைய, அலுவலகமும் பக்கம். மேற்கே பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் போனால் சிறிய குடியிருப்புகளும், மாடியில் வீட்டுக்காரர் இருந்துகொண்டு கீழ்த்தளத்தை வாடகைக்கு விடும் வீடுகளும் கிடைக்கும். இன்னும் மேற்கே சேலையூரும் தாம்பரமும். தாம்பரத்தை நம் ஊர்க்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு: தெற்கே வரும் ரயில்களில் பல அங்கே நின்று செல்கின்றன, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அந்தப் பக்கம்தான். ஆனால் நாள்தோறும் சோழிங்கநல்லூருக்குச் சென்று வர வேண்டிய ஒருவர், ஆண்டில் சில முறை ஊருக்கு வரும் வசதிக்காகத் தாம்பரத்துக்கும் அப்பால் குடியிருப்பது சரியாகாது. இரண்டு பக்கமும் போக்குவரத்துள்ள மேடவாக்கத்தைச் சுற்றி முதலில் பார்க்கச் சொல்வேன்.

இனித் தண்ணீர். நம் மாவட்டத்துக் குடும்பங்கள் சென்னையில் வீடு பார்க்கும்போது கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இதுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், வீட்டு முற்றத்துக் கிணற்றில் வாளி விட்டு இறைத்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரிடம் விசாரிக்கத் தோன்றாது. சென்னையில் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கும் முன்னால் அதைக் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, நீங்கள் போகவிருக்கும் அதே சாலையில் இருந்த பெரிய பெரிய குடியிருப்புகள்கூட லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தன. குடிநீர் வாரியத்தின் குழாய் இணைப்பு உண்டா, அதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, ஆழ்துளைக் கிணறு இருந்தால் கோடையிலும் தண்ணீர் தருமா, லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா அல்லது தனியாகப் பிரித்து வாங்குவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்களைக் குழாயைத் திறந்து, ஒரு துளியை நாவில் வைத்துப் பாருங்கள். குழாயின் வாயிலும் குளியலறைத் தரையின் மூலைகளிலும் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அது உப்புநீர் என்று பொருள். குடியிருந்தவர் காலி செய்தபின் குழாயைப் புதிதாக மாற்றி, தரையை அமிலம் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். அப்போது பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியைப் பாருங்கள். உட்புறத்தில், தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் சுண்ணாம்பு பூசியதுபோல் வளையம் வளையமாகப் படிந்திருந்தால் உங்கள் கேள்விக்கு அதுவே பதில். அந்த நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்க் கருவி விரைவில் பழுதாகும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்க நேரும். மேல் தளத்தில் குடியிருக்கும் பெண்களிடம், காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும்போது தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

தண்ணீர் இல்லாத துன்பத்தைப் போலவே தண்ணீர் மிகுந்துவிடும் துன்பமும் அங்கே உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளும், வேளச்சேரியும் பட்ட பாட்டை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. நீங்கள் தேடவிருக்கும் மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளும் அந்தச் சதுப்புநிலத்துக்கு அருகில் உள்ளவையே. மே மாதத்து வெயிலில் பார்க்கும் தெரு நவம்பரில் எப்படி இருக்கும் என்பதை வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் நிறம் மாறிய கோடு ஓடுகிறதா, மின்மீட்டர் பெட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்களா, வாசற்படியை அண்மையில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். தெருமுனையில் துணி இஸ்திரி போடுகிறவரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும், மழைக்காலத்தில் இங்கே வண்டி வருமா என்று கேளுங்கள். அவர்களுக்கு மறைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மாமியாரின் முழங்காலை நினைத்துக் கீழ்த்தளம் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். வெள்ள அபாயம் இல்லாத தெருவாக இருந்தால் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால், மின்தூக்கி உள்ள கட்டடத்தில் முதல் அல்லது இரண்டாம் தளம் நல்லது. மின்சாரம் நின்றாலும் மின்தூக்கி ஓடுவதற்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கழிவறைகளில் ஒன்றாவது மேற்கத்திய முறையில், அவர் படுக்கும் அறையை ஒட்டி இருக்க வேண்டும்.

பணக் கணக்கைப் பொறுத்தவரை, இருபதாயிரம் என்பதை வாடகையாக எண்ணாமல் வீட்டுக்காக மாதந்தோறும் வெளியே போகும் மொத்தத் தொகையாக எண்ணுங்கள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்ச் செலவு, வண்டி நிறுத்தக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவை அதற்குள் அடங்க வேண்டுமானால், வாடகை பதினைந்து, பதினாறாயிரத்துக்குள் இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு உங்கள் வீட்டுக்கென்று மின்வாரியத்தின் தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாக வழங்குகிறது. உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் இடங்களில் அந்தப் பயன் குடியிருப்பவருக்கு வந்து சேருவதில்லை. கணவர் வருமான வரியில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கோருபவராக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் தர வேண்டும். அதைத் தருவாரா என்று பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். குடிபுகுந்த பிறகு கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள்.

தேடும் வழி: பள்ளியை மையமாக வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. வாயிற்கதவில் ஓர் அட்டை தொங்கும், அல்லது காவலாளிக்கு மட்டும் தெரிந்திருக்கும். தரகர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது சென்னை வழக்கம். அதை ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வந்த பிறகே கொடுங்கள்; வீடு காட்டுவதற்கே பணம் கேட்பவரை விட்டு விலகிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யுங்கள். தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் போதும் என்று தரகர்கள் இன்றும் சொல்வார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் அது. வாடகைச் சட்டத்தின் கீழான பதிவுக்கு அது ஈடாகாது. வாடகை, முன்பணம், ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், பராமரிப்புக் கட்டணம் யாருடையது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை தெளிவாக எழுதப்படட்டும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அத்தொகை ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும்.

கேள்வி: இணையத்தில் ஒரு வீட்டு விளம்பரம் பார்த்தோம். அடையாறில் இரண்டு படுக்கையறை, வாடகை பன்னிரண்டாயிரம்தான். உரிமையாளர் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், வெளிமாநிலத்தில் இருப்பதாகவும் சொல்கிறார். அடையாள அட்டையும் அனுப்பினார். வீட்டைப் பார்க்க நுழைவு அனுமதிக்காக ஐயாயிரம் ரூபாய் அனுப்பினால், பிறகு வாடகையில் கழித்துக்கொள்வாராம். அனுப்பலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அனுப்ப வேண்டாம். நண்பரே, இது மோசடி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ராணுவத்தினர் மீது மக்களுக்கு உள்ள மதிப்பை முதலாக்கி நடத்தப்படும் இந்த ஏமாற்று பல நகரங்களில் நடந்திருக்கிறது. அடையாள அட்டையின் படம் வேறொருவரிடமிருந்து திருடப்பட்டதாக இருக்கும். வீட்டின் படங்கள் வேறொரு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கும். அடையாறு போன்ற பகுதியில் அந்த வாடகைக்கு அப்படியொரு வீடு கிடைக்காது என்பதே முதல் எச்சரிக்கை. நீங்களோ, நீங்கள் நம்பும் ஒருவரோ வீட்டுக்குள் நின்று பார்ப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூட எவருக்கும் போகக் கூடாது. பணம் வருவதற்காக என்று சொல்லி அவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டையும் தொடாதீர்கள். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏற்கெனவே ஏதேனும் அனுப்பியிருந்தால் இப்போதே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். அந்தப் பணம் கைமாறுவதற்கு முன் கணக்கை முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரங்களில்தான்.

கேள்வி: நாகர்கோவிலில் நாங்கள் ஒத்திக்கு இருந்த வீட்டைக் காலி செய்கிறோம், எட்டு லட்சம் ரூபாய் கையில் வரும். சென்னையில் அதே தொகைக்கு லீஸ் வீடு இருப்பதாகத் தரகர் சொல்கிறார். மாத வாடகை இல்லாமல் இருக்கலாமே என்று நினைக்கிறோம்.
– ஒரு வாசகர், வடசேரி

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. நம் ஊரில் ஒத்தி பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் நடப்பது. வீட்டுக்காரரின் குடும்பம் எது, அவருக்குக் கடன் உண்டா, சகோதரர்களிடையே வழக்கு உண்டா என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். அந்த நம்பிக்கையோடு, முன்பின் அறியாத ஒருவரிடம் சென்னையில் எட்டு லட்சத்தைக் கொடுப்பது பெரிய ஆபத்து.

எப்படி என்று சொல்கிறேன். வீட்டுக்காரர் வங்கிக் கடனில் அந்த வீட்டை வாங்கியிருப்பார். தவணை கட்ட முடியாமல் திணறும் நேரத்தில்தான் மொத்தப் பணம் கிடைக்கும் லீஸை நாடுவார். பிறகும் தவணை நின்றுவிட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும். வங்கியிடம் அடமானம் வைத்தது முந்தியது. உங்கள் லீஸ் பிந்தியது. வங்கிக்குத் தெரியாமல் போடப்பட்ட, பதிவு செய்யாத லீஸ் தாளைக் காட்டி அந்த வீட்டில் நீடிக்க முடியாது. எட்டு லட்சத்தை வீட்டுக்காரரிடமிருந்து மீட்க நீங்கள் தனியாக வழக்காட வேண்டியிருக்கும். அவரோ ஏற்கெனவே கடனில் மூழ்கியவர்.

ஆகவே, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சொத்தின் வில்லங்கச் சான்றை நீங்களே பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். தரகர் தரும் நகலை ஏற்க வேண்டாம். சொத்துப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது, மூலம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். லீஸ் பத்திரத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள், மறுத்தாலும் விலகிவிடுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெறுவதற்கு ஆகும் செலவு எட்டு லட்சத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டு வைத்து, வட்டியை வாடகைக்கு உதவியாக வைத்துக்கொண்டு, சாதாரண வாடகை வீட்டில் இருங்கள் என்றே சொல்வேன். வட்டி வாடகை முழுவதையும் ஈடு செய்யாது என்பது உண்மை. முதல் போகாமல் இருக்கும்.

கேள்வி: குளச்சலைச் சேர்ந்த மீனவக் குடும்பம் நாங்கள். மகனுக்குச் சென்னையில் வேலை. மருமகளும் பேரனும் உடன் போகிறார்கள். தொலைபேசியில் பேசும் வீட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பில் சைவமா என்று கேட்கிறார்கள். சிலர் மதத்தையும் ஊரையும் கேட்டுவிட்டு வீடு முடிந்துவிட்டது என்கிறார்கள். பேசாமல் சைவம் என்று சொல்லிவிடலாமா என்று மகன் கேட்கிறான்.
– ஒரு தாய், குளச்சல்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் வருந்தியது. உழைத்துச் சம்பாதித்து வாடகை தர வரும் ஒரு குடும்பத்தை உணவையும் பிறப்பையும் காட்டி வாசலில் நிறுத்துவது அநீதி. அதை வழக்கம் என்ற பெயரில் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆனாலும் தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு விடுவது என்று தேர்ந்தெடுப்பதில் இன்றைய வாடகைச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துவதாக இல்லை.

பொய் சொல்ல வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஒழுக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சொந்த அடுக்களையில் சன்னலைச் சாத்திக்கொண்டு, மீன் முள்ளைப் பொட்டலம் கட்டி மறைத்து எடுத்துப்போய்ப் போடும் வாழ்க்கையை உங்கள் மருமகள் ஏன் வாழ வேண்டும்? பேரன் பள்ளியில் ஒரு சொல் தவறிச் சொன்னாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம் நாள்தோறும் இருக்கும். அதற்கு மாறாக, முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, நாங்கள் குளச்சல்காரர்கள், வீட்டில் மீன் சமைப்போம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று மகனே கேட்டுவிடட்டும். பத்தில் ஆறு பேர் மறுத்தாலும், அலைந்து போய்ப் பார்த்த பிறகு மறுக்கப்படும் வேதனை இருக்காது.

உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீடுகளைவிட, அவர் வேறிடத்தில் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தகைய கேள்விகள் குறைவு. கடற்கரையை ஒட்டிய பழைய மீனவப் பகுதிகளிலும், தேவாலயங்களைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கேட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பங்குத்தந்தையிடம் சொன்னால், சென்னையில் நம் மாவட்டத்தவர் அதிகம் கூடும் பங்குகளில் விசாரித்துத் தருவார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அறிவிப்புப் பலகையின் அருகே நின்று பேசும் பேச்சில் கிடைத்த வீடுகள் பல.

கேள்வி: சென்னையில் மூன்று ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டோம். ஒரு லட்சம் முன்பணத்தில் வண்ணம் பூசும் செலவு என்று இருபதாயிரத்தைக் கழித்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்கிறார். மீதியையும் அடுத்தவர் குடிவந்த பிறகு தருவதாகச் சொல்லி மூன்று மாதமாகிறது.
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: மேலே சொன்ன சட்டத்தின்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் குடிவருவது வரை காத்திருக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை உரிமையாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. குழாய், சுவிட்சு போன்ற சிறு பழுதுகளே குடியிருப்பவருடையவை. ஆயினும் வண்ணச் செலவைப் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் வரி ஏதேனும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று முதலில் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

காலி செய்த நாள், சாவி ஒப்படைத்த விவரம், தர வேண்டிய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்தப் பகுதிக்குரிய வாடகை அதிகாரியிடமும், தேவைப்பட்டால் வாடகை நீதிமன்றத்திலும் முறையிடலாம். சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் அளவு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகை. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் உள்ள இரண்டு மாத வரம்பைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள்; தமிழ்நாட்டில் செல்லுபடியாவது நம் மாநிலச் சட்டமே. அடுத்த முறை வீடு எடுக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடிபுகும் நாளன்று, சாமான்களை இறக்குவதற்கு முன், ஒவ்வொரு அறையின் சுவரையும் தரையையும் குழாயையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். காலி செய்யும் நாளில் விரிசல் யாருடையது என்ற பேச்சே எழாது.

கேள்வி: சென்னைக்குக் குடிபோனதும் ரேஷன் கார்டை உடனே மாற்ற வேண்டுமா? சமையல் எரிவாயு இணைப்பை என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: அவசரம் இல்லை. கைரேகைப் பதிவின் மூலம் தமிழ்நாட்டின் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கும் வசதி இருப்பதால், முதல் சில மாதங்கள் பழைய கார்டிலேயே அங்கே வாங்கிக்கொள்ளலாம். வீடு நிலையானது என்று தெரிந்த பிறகு, பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி முகவரியை மாற்றுங்கள். எரிவாயு இணைப்பைப் பொறுத்தவரை, ஊரிலுள்ள முகவரிடம் உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகைக்கான மாற்றல் சீட்டை வாங்கிக்கொண்டு போனால், சென்னையில் அதே நிறுவனத்தின் முகவரிடம் புதிய உருளை பெறலாம். ஊர் வீட்டில் பெரியவர்கள் தொடர்ந்து இருக்கப்போகிறார்கள் என்றால் அந்த இணைப்பைத் தொடாமல், சென்னையில் தற்காலிகமாகக் கடைகளில் கிடைக்கும் ஐந்து கிலோ உருளையை வைத்துச் சமாளியுங்கள்.